மெரூன் வளையமும் முப்பது அடிக் குழாயும்

குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கிற தொழிலில் இரண்டு பயங்கள்தான் உண்டு என்று நான் நினைத்திருந்தேன். கேமரா உள்ளே போகாமல் முரண்டு பிடிக்குமோ என்பது ஒன்று, போனது திரும்பி வராதோ என்பது இன்னொன்று. மூன்றாவதாக ஒரு பயம் இருக்கிறது. மற்ற இரண்டையும் அது தூக்கிச் சாப்பிட்டுவிடும். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை வருஷம் பிடித்தது.

டூல்ஸ் பையும் கையுமாக அடுத்தவர் வாசலில் நின்றுகொண்டு, பின்னால் நாலு பேர் "ஏதாவது தெரியுதா, ஏதாவது தெரியுதா" என்று கேட்டுக்கொண்டே இருக்க, வேர்த்து வழிய வேலை பார்த்த அனுபவம் உங்களுக்கு இருக்கிறதா? இருந்தால் நீங்களும் நம்ம கட்சி. மோட்டார் மெக்கானிக், ஒயர்மேன், பல் டாக்டர் எல்லோரும் இதில் சேர்த்தி. நான் பட்ட பாடு உங்களுக்குத்தான் புரியும்.

கருப்பு வெள்ளை

தொண்ணூறுகளின் நடுவில் நான் திருப்பூரில் டிவி மெக்கானிக். என் கடைக்கு எதிரே காதர் பாய் பனியன் வேஸ்ட் குடோன் வைத்திருந்தார். என் வயதுதான் அவருக்கும். கம்பெனிகளில் விழும் கட்டிங் துண்டுகளைக் கலர் வாரியாகப் பிரித்து விற்கிற வியாபாரம். பழைய சாமான் எதைக் கண்டாலும் விடமாட்டார். ஒரு தடவை சென்னைத் துறைமுகப் பக்கம் போனவர், கப்பல் குழாய்களைச் சோதிக்கிற கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பெரிய டார்ச் லைட் அளவுக்கு ஒரு எவர்சில்வர் உருளை, அதன் முகத்தில் கண்ணாடி, கண்ணாடியைச் சுற்றி ஆறு குட்டி பல்புகள். பின்னால் இரும்புச் சக்கரத்தில் சுற்றிய இருநூற்றைம்பது அடிக் கேபிள், விறைப்பாக. குழாய் வாயில் கேமராவை வைத்துக் கேபிளைத் தள்ளத் தள்ள அது உள்ளே போகும். வெளியே ஒரு டிவிப் பெட்டியில் குழாயின் வயிறு தெரியும். மூன்று நாள் மல்லுக்கட்டிப் படத்தை வரவழைத்தேன், தொழிலிலும் கூட்டாளி ஆனேன். கேபிளைத் தள்ளுவதும் டிவியைப் பார்ப்பதும் என் வேலை. கேபிளில் பத்தடிக்கு ஒன்றாகச் சுற்றிய டேப்பை எண்ணிச் சொல்வதும் வாடிக்கைக்காரரைச் சமாளிப்பதும் பாய் வேலை.

சிமெண்ட் குழாயில் உரசிக் கண்ணாடி கீறிவிடாமல் இருக்கப் பாய் ஒரு வழி கண்டுபிடித்தார். எக்ஸ்போர்ட்டில் ரிஜெக்ட் ஆன டீ-ஷர்ட்டின் கழுத்துப் பட்டியை அறுத்தெடுத்து, இரண்டாக மடித்து, கேமராவுக்கு முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று வளையம் மாதிரி மாட்டிவிடுவோம். சைஸ் லேபிள்கூட அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், பிரித்தெடுக்கச் சோம்பல். இதில் இன்னொரு லாபமும் இருந்தது. எங்கள் கேமரா கருப்பு வெள்ளை. உள்ளே ஓடியது சிவப்பா பச்சையா என்று அதற்குத் தெரியாது. ஆனால் வெள்ளையாகப் போன வளையம் வெளியே வரும்போது சாயம் குடித்துக்கொண்டு வரும், கலரை அது சொல்லிவிடும். முதல் முதலாக எங்களைக் கூப்பிட்ட சாயப்பட்டறை முதலாளி, டிவியில் சாம்பலாகத் தெரிந்த தன் குழாயை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "ஏனுங்க, இந்த ஊர்ல நாங்கெல்லாம் கலருக்குத்தான் உசுர உட்டுட்டு இருக்கறோம். நீங்க கருப்பு வெள்ளைய வெச்சுட்டு என்ன தைரியத்துலங்க வந்தீங்க?"

சந்தனப் பொட்டு

ஆயுத பூஜை அன்றைக்கே வேலை வைத்தார் ஒருவர். மறுநாள் மெஷின்கள் ஓட ஆரம்பித்துவிட்டால் குழாயைக் காலியாகப் பார்க்க முடியாது என்பது அவர் நியாயம். நான் ஒயர் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்து நேராகக் கேபிளைத் தள்ள ஆரம்பித்தேன். குழாயின் நடு எப்போதுமே டிவியில் இருட்டாகத்தான் தெரியும். அன்றைக்கு அந்த இருட்டு கொஞ்சம் கனமாக இருந்தது. இருபது அடியில் அடைப்பு என்றேன். நாற்பது அடிக்குத் தள்ளியபோதும் அதே இருட்டு எதிரே நின்றது. குழாய் முழுக்க அடைத்துக் கிடக்கிறது என்று தீர்ப்பே சொல்லிவிட்டேன். முதலாளி முகம் வெளுத்துவிட்டது. கடப்பாரையோடு இரண்டு பேர் வந்து, பாய்லர் அறைக்குப் பக்கத்தில் சிமெண்ட் தரையை இரண்டு இடத்தில் உடைத்தார்கள். குழாயைத் திறந்து பார்த்தால் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது.

கேமராவை வெளியே இழுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கண்ணாடியின் நட்டநடுவில் ரூபாய் அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம். நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் முதலாளியின் மாமனார் எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தவர், எங்கள் கேமராவை மட்டும் விட்டுவிடக் கூடாது என்று அன்பாகச் செய்தது. கண்ணால் பார்த்ததைச் சொல்வதும் மனசில் நினைத்ததைச் சொல்வதும் வேறு வேறு என்று எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பெரியவருக்கு மட்டும் எந்தச் சங்கடமும் இல்லை: "மிஷினுக்கு மொகம்னு ஒண்ணு இருந்தா அங்கதானுங்க பொட்டு வெக்கோணும், வேறெங்க வெப்பாங்க?"

நூற்று நாற்பதாவது அடி

சாமளாபுரம் பக்கம் ஒரு பிளீச்சிங் பட்டறையில் கேமரா நூற்று நாற்பது அடி உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. டிவியில் பார்த்தால் பனியன் நூலும் பிசிறும் சேர்ந்து ஒரு பெரிய பந்தாகக் கேமராவைச் சுற்றிப் பிடித்திருந்தது. பட்டறை ஆட்கள் ஆறு பேர் கேபிளைப் பிடித்து இழுக்க வரிந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். பாய் குறுக்கே விழுந்து தடுத்தார். கேபிள் அறுந்தால் எங்கள் தொழிலே அந்தக் குழாய்க்குள் சமாதி. ஊருக்கே எங்களிடம் இருந்தது அந்த ஒரே கேமரா.

இழுப்பதை விட்டுவிட்டுத் தள்ளிப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஓர் அங்குலம் தள்ளுவேன், அரை அங்குலம் இழுப்பேன். பாய் மேலே இருந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தது, மத்தியானம் மூன்று வரைக்கும் அதேதான். கை இரண்டும் மரத்துப்போய், இனிமேல் முடியாது என்று நான் உட்கார்ந்த சமயத்தில் நூல் பந்து மெல்ல நெகிழ்ந்து, கேமரா என் மடியிலேயே வந்து விழுகிற மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஐந்து மணி நேரமாக எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த முதலாளி அப்போதுதான் தன் மனசில் இருந்ததைச் சொன்னார்: "வர்லீன்னா அது பாட்டுக்கு உள்ளயே இருக்கட்டும்னு உட்டுட்டு, வேற பைப்பு போட்டுக்கலாம்னுதானுங்க நெனச்சுட்டு இருந்தேன்."

கொதிக்கிற தண்ணீர்

சாயப்பட்டறையில் எங்களுக்குக் கிடைப்பது, ஒரு பாத்துக்கும் அடுத்த பாத்துக்கும் நடுவில் உள்ள நேரம் மட்டும்தான். பாத் என்றால் துணி சாயத்தில் வேகிற ஒரு சுற்று. அது முடிந்ததும் மெஷினின் வால்வைத் திறந்தால் டன் கணக்கில் சுடுதண்ணீர் குழாயில் பாய்ந்து வரும். மங்கலம் ரோட்டில், மேட்டில் இருந்த ஒரு பட்டறை. அங்கே டையிங் மாஸ்டர் ஞானராஜ், தெற்கே சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்தவர். நல்ல மனுஷன், ஆனால் அவருக்கு உலகத்தில் இருந்தது ஷேடு ஒன்றுதான். துணி சொன்ன கலருக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் மறந்துபோகும்.

கேமரா அறுபதாவது அடியில் இருந்தது. டிவியில் குழாயின் சுவர் லேசாக நடுங்கியது. அடுத்த நிமிஷம் படம் முழுக்க வெள்ளை வெளேர் என்று ஆவி. எனக்குப் புரிவதற்குள் பாய்க்குப் புரிந்துவிட்டது. இரண்டு பேரும் கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு பட்டறை வாசல் வரைக்கும் ஓடினோம். கேமரா வெளியே வந்து விழுந்த வேகத்தில், பின்னாலேயே நீல நிறத்தில் கொதிக்கிற தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து, ஒரு நிமிஷம் முன்னால் நான் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்த இடத்தை நிரப்பியது. மாஸ்டர் கையில் ஒரு துணித் துண்டோடு, ஷேடு கிடைத்த சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே வந்தார்: "உள்ள கேமரா நிக்குன்னு ஒரு சத்தம் குடுத்திருந்தா பத்து நிமிசம் பொறுத்திருப்பேம்லா."

காம்பவுண்டு

பட்டறைக்காரர்கள் எங்களைக் கூப்பிட்டது குழாயைப் பார்ப்பதற்கு மட்டும் இல்லை. பக்கத்துப் பட்டறைக்குள்ளே போய் வந்தவர்கள் நாங்கள். அங்கே எத்தனை மெஷின், எந்தக் கம்பெனித் துணி, யார் மாஸ்டர் என்று டீயும் வடையும் வாங்கிக் கொடுத்துவிட்டு மெல்லக் கேட்பார்கள். எனக்கு வடையைக் கண்டால் வாய் திறந்துகொள்ளும். பாய் ஒரு சட்டம் போட்டார்: ஒரு காம்பவுண்டுக்குள் பார்த்ததை இன்னொரு காம்பவுண்டில் சொல்லக் கூடாது. சொன்னோம் என்று தெரிந்தால் மறுநாளிலிருந்து ஒரு பட்டறையும் எங்களுக்குக் கேட்டைத் திறக்காது. ஒருநாள் நான் அரை வார்த்தை உளறிவிட்டேன். பாய் கோபப்படவில்லை. வெளியே வந்ததும், மொபெட்டில் டிவிப் பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "நம்ம தொழிலுக்கு ரெண்டு கண்ணும் ஒரு கேமராவும் போதுங்க மெக்கானிக்கு, வாய இதுல யாரும் கேக்கலீங்க."

மங்கலம் ரோட்டுக் கிணறு

இனிமேல் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருகிற விஷயம் இல்லை.

ஞானராஜ் மாஸ்டர் இருந்த மேட்டுப் பட்டறைக்குக் கிழக்கே, சரிவில், பொன்னுச்சாமி என்பவருக்கு ஒரு சாயப்பட்டறை. இரண்டுக்கும் நடுவில் அவர் தங்கை தெய்வானையின் தோட்டம். தெய்வானைக்கு வீட்டுக்காரர் தவறிவிட்டார். எட்டுத் தறி, நாலு எருமை, கொஞ்சம் தென்னை, ஒரு கிணறு, கல்யாணம் நிச்சயமான ஒரு மகள். மாப்பிள்ளை ஊர் கொமரலிங்கம். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது கிணற்றுத் தண்ணீர் மெரூனாகிவிட்டது. எருமைகள் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. அண்ணன் பட்டறையின் கழிவுக் குழாய் அந்தக் கிணற்றை ஒட்டித்தான் தொட்டிக்குப் போகிறது. (தொட்டியிலிருந்து அது எங்கே போகிறது என்று அந்தக் காலத்தில் யாரும் யாரையும் கேட்டதில்லை.) தெய்வானை சண்டை போடவில்லை. குழாயில் ஓட்டை இருந்தால் அண்ணன் தாய்மாமன் சீரோடு தன் வாசல் ஏற வேண்டாம் என்று ஒரே வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டார். எங்கள் பக்கம் தாய்மாமன் முன்னே நிற்காமல் ஒரு பெண் மணவறை ஏறினால், பெண்ணுக்கும் தலைக்குனிவு, மாமனுக்கு ஆயுசுக்கும் ஆறாது. பொன்னுச்சாமியே எங்களைக் கூப்பிட்டார். தன் கையால் பதித்த குழாய், அடி அடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

இரண்டு பக்கத்து உறம்பரையும், சொந்தபந்தம் அத்தனையும், கூடிவிட்டது. தெய்வானை ஒரு வாளியில் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றார். நான் தள்ளத் தள்ளப் பாய் அடியை எண்ணினார். ஒரு கீறல் இல்லை. மூட்டுக்கு மூட்டு சிமெண்ட் பூச்சு அப்படியே இருந்தது. இருநூற்றுப் பத்தாவது அடியில் குழாய் வளைந்து, ஊர்ப் பாதைக்கு அடியில் நுழைந்து தொட்டிக்குப் போகிறது. அந்த வளைவில் கேமரா நின்றுவிட்டது. மீதி முப்பது அடி. தொட்டிப் பக்கத்திலிருந்து பார்க்கலாம் என்றால், தொட்டி நிறையத் தண்ணீர், இறைக்க அரை நாள் ஆகும். தோண்டலாம் என்றால் மேலே பாதை. உள்ளே அடுத்த பாத்துக்குத் துணி காத்துக்கொண்டிருந்தது. கேபிளை இழுத்தேன். முன்பக்கத்து வளையம் வளைவிலேயே மாட்டிக் கழன்றுகொண்டது. பின்பக்கத்து வளையம் மட்டும் வந்தது, மெரூனாக. வாளித் தண்ணீரும் அதே மெரூன். தெய்வானை வளையத்தைக் கையில் வாங்கி வாளிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்த முப்பது அடியில் ஓட்டை இருக்கிறதா என்று என்னைத்தான் கேட்டார்.

"நான் அதைப் பார்க்கலீங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்றே வார்த்தை. ஆனால் சுற்றி இருபது முகங்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. இவ்வளவு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து தெரியாது என்று சொல்வதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டும் ஒரே கலர், அங்கேதான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். தெய்வானை வளையத்தைக் கொண்டுபோய்க் கிணற்று மேட்டுக் கல்தூணில் மாட்டினார். கூட்டம் கலைந்தது. பொன்னுச்சாமி கேட் வரைக்கும் எங்களோடு நடந்து வந்தார், குரலை உயர்த்தவே இல்லை: "நீங்க பாத்த எரநூத்திப் பத்தடி எம் பக்கம் பேசுதுங்க, பாக்காத முப்பதடி அவ பக்கம் பேசுது. சனம் எதைக் கேட்டுட்டுப் போச்சுன்னு பாத்தீங்கல்ல?"

அதே மெரூன்

ஐந்து நாள் கழித்து மேட்டுப் பட்டறையிலிருந்து ஆள் வந்தது. தண்ணீர் போகிற அளவு குறைகிறதாம், வழியில் எங்கேயோ காணாமல் போகிறதாம். இந்தத் தடவை ஞானராஜ் மாஸ்டரை ஸ்டூல் போட்டு என் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு கேமராவை விட்டேன். தொண்ணூறாவது அடியில் ஒரு மூட்டு கை நுழைகிற அளவுக்கு வாய் பிளந்து கிடந்தது. மண் தெரிந்தது, ஏதோ மரத்தின் வேர் தெரிந்தது, மிச்சம் ஓடிய தண்ணீர் அந்தப் பிளவில் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கேமராவை இழுத்தேன். இரண்டு வளையமும் மெரூன். கிணற்று வாளியில் பார்த்த அதே மெரூன். வளையங்களை மாஸ்டரிடம் நீட்டினேன். இந்தக் கலர் எப்போதிலிருந்து ஓடுகிறது என்று கேட்டேன். ஒரே கம்பெனி, பெரிய ஆர்டர், ஒரு பட்டறையால் முடியாது என்று நாலு பட்டறைக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள், பதினைந்து நாளாக அந்த ரோடு முழுக்க மெரூன்தான் என்றார்.

திருப்பூரில் இருந்துகொண்டு இது தெரியாமல் போனது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். நான் டிவி மெக்கானிக், எனக்குக் கலர் என்பது படக்குழாயில் வருவது. ஆனால் பாய் தலையில் அடித்துக்கொண்டார். அவர் குடோனிலேயே நாலு கம்பெனி மூட்டையில் மெரூன் துண்டுகள் கிடந்தன. அவற்றைத் தினமும் பிரித்துக்கொண்டு இருந்தவருக்கே தோன்றவில்லை. அங்கே நின்று பார்த்தால் சரிவில் தெய்வானை வீட்டுத் தென்னைகள் தெரிந்தன. மேட்டுப் பட்டறை முதலாளியிடம் குழாய்ப் பிளவைப் பற்றிச் சொன்னோம். கீழே கிணறு இருக்கிறது என்றும் சொன்னோம். ஆர்டர் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

நேராகத் தெய்வானையிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று நான் துடித்தேன். காம்பவுண்டுச் சட்டம் குறுக்கே நின்றது. சொன்னால் எங்கள் தொழில் அன்றோடு சரி. சொல்லாவிட்டால், நான் பார்க்காததைச் சொன்ன வார்த்தைக்காக ஒரு மாமன் தன் மருமகள் கல்யாணத்தன்று பட்டறைக்குள் உட்கார்ந்திருப்பார். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பாய்க்கும் அப்படித்தான் என்பது மூன்றாம் நாள் காலையில் அவர் கடை திறக்காமல் என் கடைப் படியில் வந்து உட்கார்ந்தபோது தெரிந்தது. சட்டம் போட்டவர் அவர், வழியும் அவரே சொன்னார்: "மேட்டுல பாத்ததச் சொல்ல வேண்டாங்க மெக்கானிக்கு, பள்ளத்துல பாக்காததப் போயிப் பாத்துருவோம்."

முப்பது அடி

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பொன்னுச்சாமி பட்டறைக்குப் போய் நின்றோம். முதலில் முகம் கொடுக்கவில்லை. பார்க்காமல் சொல்லிவிட்டேன், பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். அவர் உள்ளே போய் எல்லா மெஷினையும் நிறுத்தச் சொன்னார். டேங்கர் லாரி வரவழைத்துத் தொட்டியை இறைக்க ஆரம்பித்தார்கள். பாய் தெய்வானை வீட்டு வாசலுக்குப் போனார். அங்கே பந்தல் போட்டு வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தெய்வானை வர மறுத்துவிட்டார். அதனால் நானே போனேன். பந்தலில் நின்ற அத்தனை பேர் முன்னாலும், அன்றைக்கு நான் சொன்னது கண்ணால் பார்த்துச் சொன்னது இல்லை, குத்துமதிப்பாகச் சொன்னது என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கிணற்று மேட்டுக்குப் போய்த் தூணில் இருந்த வளையத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

தொட்டிக்குள் இறங்கிக் குழாய் வாயில் கேமராவை வைத்தேன். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இந்த முப்பது அடியில் ஓட்டை இல்லை என்று எனக்குத் தெரியாது. மேட்டுக் குழாய் பிளந்திருக்கிறது என்பதால் இது முழுசாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இருந்துவிட்டால் அந்த அண்ணன் தங்கை உறவுக்கு என் கையாலேயே இரண்டாவது தடவை மண் போட்டவனாவேன். தொட்டிக் கரையில் டிவி இருந்தது. ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் தங்கை, நடுவில் பாய். பாய் "பத்து" என்றார். சுவர் சுத்தம். "இருவது" என்றார். ஒரு மூட்டு, பூச்சு அப்படியே இருந்தது. இருபத்து நாலாவது அடியில் சேறு அப்பிப் படம் இருண்டுவிட்டது. ஓட்டை இருந்தால் மண் உள்ளே வந்திருக்கும், அந்த மண்ணாக இருக்குமோ என்று பயந்தேன். கேமராவை எடுத்துவிடவா என்று கேட்டேன். பொன்னுச்சாமி ஓடிப்போய் மேல் முனையில் நல்ல தண்ணீரைத் திறந்துவிட்டார். நாங்கள் காத்திருந்தோம். தண்ணீர் சலசலத்து வந்து கேமராவைக் கழுவியது. படம் தெளிந்தது. கீறல் இல்லை. "இருவத்தெட்டு" என்றார் பாய். வளைவு வந்தது. வளைவில் கருப்பாக ஒரு வளையம், அதில் ஒரே ஒரு இடத்தில் வெள்ளையாக ஒரு சின்னச் சதுரம்.

அது சைஸ் லேபிள். பாலியஸ்டர் லேபிள், பனியனுக்கு ஏறுகிற சாயம் அதில் ஏறாது. 'எல்' என்ற எழுத்து தலைகீழாகத் தெரிந்தது. தெய்வானை தன் கையிலிருந்த வளையத்தைத் திருப்பினார். துணி மெரூன், லேபிள் வெள்ளை, அதே 'எல்'. அன்றைக்கு அந்தப் பக்கமிருந்து நான் விட்டுவிட்டு வந்ததை இன்றைக்கு இந்தப் பக்கமிருந்து எட்டிவிட்டேன், நடுவில் பார்க்காத இடம் என்று எதுவும் இல்லை என்பதை யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அப்படியானால் யார் குழாய் என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன், பாய் வானத்தைப் பார்த்தார். அவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு மெல்ல மேற்கே திரும்பி மேட்டைப் பார்த்தார். கல்யாணம் முடிந்த மறுவாரம் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு அவரே மேட்டுப் பட்டறைக்குப் போய், குழாய்ப் பிளவை அடைக்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். கிணறு தெளிய இரண்டு மழைக்காலம் ஆயிற்று. நான் வாயைத் திறந்திருந்தால் ஒரு வாரம் முன்னாலேயே அது அடைபட்டிருக்கும் என்ற உறுத்தல் எனக்கு இன்னும் இருக்கிறது.

அன்றைக்குத் தொட்டிக் கரையில் தெய்வானை அண்ணனிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் நாலடி தள்ளித்தான் நின்றார், தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தபடி. கல்யாணத்துக்கு நல்ல தண்ணீர் இரண்டு லாரி சீரோடு சேர்ந்து வரும் என்று அவர் பாயிடம் சொன்னார், தங்கை காதில் விழுகிற மாதிரி. தெய்வானை வளையத்தை என் கையில் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார், அண்ணன் காதில் விழுகிற மாதிரி: "நாளானிக்கு காத்தால அஞ்சு மணிக்கெல்லாம் மாமன் பந்தல்ல நிக்கோணும்னு எங்கண்ணங்கிட்டச் சொல்லிப்போடுங்க தம்பி. நீங்க ரெண்டு பேரும் வாங்க, டிவிப் பொட்டிய மட்டும் ஊட்டுலயே வெச்சுட்டு வாங்க."

பிறகு கலர் கேமராவே வந்துவிட்டது, ஆனாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், எத்தனை அடி வரைக்கும் பார்த்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்ட பிறகுதான் இன்றைக்கும் என் வாயைத் திறக்கிறேன், பார்க்காததையும் பார்த்த மாதிரி சொல்லிவிடுவேனோ என்பதுதான் அந்த மூன்றாவது பயம்.